‘போட்டிட்டு’ என்ற சொல்

என் மகள் பிறந்து ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், ஆகியிருந்தபோது, குடும்ப டொக்டரின் கிளினிக்கில் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொன்னேன். மகளுக்கு இப்போது எட்டு வயது. அந்தப் பதிலை இன்னமும் எங்கோ ஒரு கணினியில் வைத்திருக்கிறார்கள்.

நான் இலங்கையிலிருந்து கல்யாணம் முடித்துக் கனடாவுக்கு வந்தவள். ஊரில் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்ததும் என் ஆங்கிலம் ஒருவருக்கும் விளங்காத ஆங்கிலமாகிவிட்டது. கணவர் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்தார். விடியமுதல் போனால் பொழுதுபட்ட பிறகுதான் வருவார். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில், பத்தொன்பதாம் மாடியில் இருந்தோம். ஒருகாலத்தில் அந்தக் கட்டிடம் முழுக்க எங்கள் ஆட்கள்தானாம். நான் வந்து சேர்ந்தபோது அவர்கள் எல்லாரும் ஸ்காபரோ, ஏஜக்ஸ் என்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தளத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவைக் கூப்பிட விசா கேட்டோம். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். கணவருக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தது. ஒஷாவாவில் இருந்த அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தார். ஐஸ்கிரீம் டப்பாக்களில், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறி கொண்டுவந்து வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, எனக்கும் சுடுதண்ணீர் வார்த்துவிட்டுப் போனார். பிறகு பனி கொட்டத் தொடங்கியது. அவருக்கும் வேலை. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அந்த ஐந்து கிழமைகளில் எனக்கு என்ன நடந்தது என்று சொல்ல எங்கள் பேச்சில் அளவான சொல் இல்லை. கவலை என்றால் குறைந்துபோகும். விசர், அதாவது பைத்தியம், என்றால் கூடிப்போகும். பிள்ளை அழும், எழும்பிப் போய்த் தூக்குவேன். பால் கொடுப்பேன், பம்பஸ் மாற்றுவேன். எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், யாரோ கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லித் தந்துவிட்டுப் போன பிள்ளை போலவே இருந்தது. நான் சீப்பெடுத்துத் தலை இழுக்கவில்லை. சோறு காய்ச்ச மனம் வராமல் பாண் துண்டைப் பிய்த்து நின்றபடி தின்றேன். பிள்ளை நித்திரை கொண்டாலும் எனக்கு நித்திரை வராது. அது மூச்சு விடுகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. இருந்தது. அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, டொக்டர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பிள்ளை பெற்ற தாய்மாருக்கான கேள்விகள். நான் அதைத் தடவித் தடவி வாசிப்பதைப் பார்த்துவிட்டு மேசைத் தொலைபேசியில் ஒரு நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார். பணிவான பெண்குரல், சென்னைப் பக்கத்துத் தமிழ்.

"வணக்கம் மேடம். உங்களுக்கு மனசு எப்படி இருக்குன்னு டாக்டர் கேக்குறாங்க."

ஐந்து கிழமையாக அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் தமிழில் கேட்டிருக்கவில்லை.

"விசராக் கிடக்கு," என்றேன். "நித்திரை இல்லை. சிலநேரம் பிள்ளையைப் போட்டிட்டு எங்கையாவது போவம் போல கிடக்கும்."

எங்கள் பேச்சில் போட்டிட்டு என்றால் விட்டுவிட்டு. "வீட்டைப் போட்டிட்டு என்னெண்டு வாறது?" என்று சொல்லாத பெண் எங்கள் ஊரில் இல்லை. தொலைபேசியில் ஒரு சின்னத் தயக்கம் கேட்டது. பிறகு அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ட்ரொப் த பேபி?"

எனக்கு அந்தச் சொல் தெரியும். இந்த நகரத்தில் நான் முதலில் பழகிய ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று. என் கணவர் என்னைக் கடையடியில் ட்ரொப் பண்ணுவார். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை டேகெயாரில் ட்ரொப் பண்ணுவார்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போக ஆசையா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"யெஸ்," என்றேன். அவருக்கு விளங்கிவிட்டதே என்று சந்தோசமாகக்கூட இருந்தது.

பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இந்த எண்ணம் அடிக்கடி வருமா மேடம்?"

"ஒவ்வொரு நாளும் வரும்."

"வீட்டுல பால்கனி இருக்கா?"

"ஓம் இருக்கு. நாங்கள் பத்தொன்பதாம் மாடி."

"பால்கனியில நிக்கும்போது இந்த எண்ணம் வருமா?"

"ஓம். அங்க நிண்டு கீழ போற சனத்தைப் பாக்கேக்கதான் கூட வாறது."

அதுவும் உண்மைதான். கீழே சனங்கள் நடந்து போவார்கள். அவர்களில் ஒருத்தியாக, கையில் ஒன்றும் இல்லாமல், பஸ் பிடிக்கப் போகிறவள் போல விறுவிறென்று நடக்க ஆசையாக இருக்கும்.

உண்மையைச் சொன்னதற்கு டொக்டர் எனக்கு நன்றி சொன்னார். என்னையும் பிள்ளையையும் ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். ஜூசும் பிஸ்கட்டும் தந்தார்கள். ஒரு நேர்ஸ் கதவடியிலேயே நின்றாள். கனடாவில் ஆட்களை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பிஸ்கட் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மற்றவற்றுக்குக் கோபம் வரும், அந்தப் பிஸ்கட்டுக்கு வெட்கம்தான் வரும்.

முக்கால் மணித்தியாலத்தில் ஒரு பொலிஸ்காரரும் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் தன் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். இந்த முறை ஆண்குரல்.

"மேடம், உங்க குழந்தையோட பாதுகாப்புக்காகக் கொஞ்ச நாள் வேற இடத்துல வைக்கப்போறாங்க."

"என்னத்துக்கு? பிள்ளைக்கு என்ன?"

"நீங்க குழந்தையைப் பால்கனியில இருந்து கீழ போட்டுடுவேன்னு சொன்னதா எழுதியிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இல்லை என்றேன். அப்படிச் சொல்லவில்லை என்றேன். நான் சத்தம் போடப் போட அவர்கள் இன்னும் அமைதியானார்கள். அந்த அமைதியைப் போல் என்னைப் பயப்படுத்தியது வேறொன்றும் இல்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தேன். பொலிஸ்காரர் என் மணிக்கட்டில் கைவைத்தார். நோகவில்லை, மெதுவாகத்தான் பிடித்தார். தாய் ஒத்துழைக்கவில்லை என்று பிறகு எழுதினார்கள்.

கணவர் மிசிசாகாவிலிருந்து வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. வேலைக்குப் போடும் மஞ்சள் மேலங்கியோடு அப்படியே வந்து நின்றார். அந்தப் பெண் நீட்டிய தாள்களை வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். சண்டை பிடிப்பார், மேசையில் அடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி ஒன்றுதான் கேட்டார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

அவர் கேட்ட விதத்தில், நான் ஏதோ சொல்லியிருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் ஒரு மனநல டொக்டர் வந்தார். வயதானவர், வெள்ளைக்காரர், மரியாதையானவர். கதிரையை இழுத்துப் போட்டு என் கண்மட்டத்துக்கு இருந்துதான் கதைத்தார். தான் இலங்கையைப் பற்றி நிறைய வாசித்திருப்பதாகச் சொன்னார். ஷெல் அடி விழுந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். என் கண்முன்னால் யாராவது செத்தார்களா என்று கேட்டார்.

எனக்கு நித்திரை இல்லை என்றேன்.

கனவில் என்ன வருகிறது என்று கேட்டார்.

நித்திரை வந்தால்தானே கனவு வரும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, அவர் தலையாட்டி நீளமாக எழுதினார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் கலாசாரத்தில் பெண்பிள்ளை பிறந்தால் குடும்பத்தில் வருத்தப்படுவார்களா?"

போரை நான் பார்த்தவள்தான். அதற்குள்தான் வளர்ந்தேன், அதற்குள்தான் படித்தேன், அதற்குள்தான் படிப்பித்தேன். ஆனால் அந்தக் கட்டிலில் இருந்தவளுக்குப் போரால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை மறுத்த ஒரு விசா, ஒரு பத்தொன்பதாம் மாடி, ஐந்து கிழமை நித்திரையின்மை, இவ்வளவும்தான். அதெல்லாம் நடந்தது கனடாவில். கனடாவைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கலாசாரத்தை மதித்துக் கேள்வி கேட்டதாகவே அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

என்னால் எனக்கு ஆபத்து இல்லை என்று எழுதி விட்டுவிட்டார்கள். பிள்ளை விசயம் வேறு அலுவலகம், வேறு சட்டம். அது தன்பாட்டில் நடக்கும் என்றார்கள். பிள்ளையை மச்சாளிடம் கொடுத்திருந்தார்கள். நான் போய்ப் பார்க்கலாம், ஆனால் தனியாகத் தூக்கக்கூடாது. அந்த வீட்டில் தங்கக்கூடாது. பரிசீலனை முடியும்வரை அப்படித்தான்.

அது ஏழு கிழமை.

மார்பு கட்டிக் கல்லாகும். பம்ப் வைத்து எடுத்துச் சின்னப் பைகளில் நிரப்பி பிறிஜ்ஜில் வைப்பேன். கணவர் வேலை முடிந்து வந்து அதை எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்கு ஓடுவார். நெடுஞ்சாலையில் பனி அள்ளாத நாட்களிலும் ஓடினார். அதை நான் மறைக்கக்கூடாது. ஏழு கிழமையில் நாங்கள் இருவரும் கதைத்தது மிகக் கொஞ்சம். "எத்தினை பை?" என்று அவர் கேட்பார். நான் சொல்வேன். சனங்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உமக்கு நெஞ்சில சளி, பிள்ளைக்குத் தொத்திப்போடும் எண்டு சொல்லியிருக்கிறன்," என்றார். "வேற என்னத்தைச் சொல்ல?"

அந்தப் பொய்யும் நிற்கவில்லை. மூன்றாம் கிழமை பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனபோது, என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கம் இருத்தினாள்.

ஐந்தாம் கிழமையில் ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்தார். பிள்ளைப் பராமரிப்பு பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அலுவலகம் அனுப்பியது. ஜமேக்காவில் பிறந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தார். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது பற்றி என்னத்தைச் சொல்லித்தருவது என்று தனக்கும் தெரியவில்லை என்றார். குசினிக்குள் எட்டி, வெறும் அடுப்பைப் பார்த்தார். பிறகு இலகுவான ஆங்கிலத்தில், ஆறுதலாகக் கேட்டார்.

"பிள்ளை பிறந்த பிறகு உனக்கு யார் சமைத்துத் தந்தது?"

"ஒருவரும் இல்லை."

"உன்னை யார் குளிப்பாட்டியது?"

"ஒருநாள் மச்சாள்."

"என் அம்மா ஒன்பது நாள் என்னை வாசல்படி தாண்ட விடவில்லை," என்றார் அவர். "உங்கள் ஊரில் எத்தனை நாள்?"

"முப்பத்தொரு நாள்," என்றேன். அதோடு என்னால் முடியவில்லை. கதிரையில் இருந்தபடி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கேத்திலைத் தேடிப் பிடித்து ரீ போட்டார். சீனி எங்கே என்றுகூட என்னைக் கேட்கவில்லை, தானே தேடி எடுத்தார்.

ரீ குடித்து முடிந்ததும், கிளினிக்கில் நான் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார். தன் தொலைபேசியில் பதிந்துகொண்டார். அவருடன் வேலை செய்கிறவர்களில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாளாம். மறுநாள் அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவள் கேட்டுவிட்டு, "உது என்ர அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுறது," என்றாளாம். தன் தாயும் அதே மாதிரிச் சொல்வார், எட்டுப் பேரன் பேத்திகளை வளர்த்துவிட்டார், இன்னும் ஒருவரையும் கீழே போடவில்லை என்று அவளே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

பதிந்துகொண்ட அந்த ஒரு வசனத்தால்தான் என் பிள்ளை திரும்பி வந்தது. அந்த நேர்ஸ் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை. அவர் எங்கள் மொழி பேசுகிறவர் இல்லை, எங்கள் ஊர்க்காரர் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரிந்தவர். அவ்வளவுதான். அடுத்த வருடம் வீடுகளுக்கு வரும் நேர்ஸ் வேலையையே நிறுத்திவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று கேட்டபோது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிள்ளையைக் கூட்டிவர நாங்கள் ஒஷாவாவுக்குப் போன அன்று, கணவர் கார் சீற்றைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றார். மச்சாள் குசினி மேசையில் பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏழு கிழமையில் பிள்ளை கொழுத்திருந்தது. மச்சாளின் குரல் கேட்டால் திரும்பியது. அவர் பிள்ளையை நன்றாகத்தான் பார்த்திருந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. நான் நன்றி சொன்னேன்.

அவர் தலை நிமிரவில்லை. "எனக்கும் மூத்தவன் பிறக்கேக்க உப்பிடித்தான் இருந்தது," என்றார்.

"எப்பிடி மச்சாள்?"

"உனக்கு இருந்தது மாதிரி. உன்னை விடக் கூட. அப்ப நாங்களும் சென் ஜேம்ஸ் ரவுணிலதான். என்ர மனிசனுக்கு ரெண்டு வேலை. நான் பிள்ளையை பாத்ரூமுக்குள்ள விட்டிட்டுக் கதவைச் சாத்திப்போட்டு வெளியில இருப்பன். எனக்கு எனக்கே பயம்."

அவர் மடித்த உடுப்புகளைப் பைக்குள் வைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டு வரைக்கும் இந்தாளுக்கும் தெரியாது. ரெண்டு வருசத்தால தானாப் போச்சுது. இல்லை, போகேல்லை. இப்பவும் குளிசை போடுறன், பிறசருக்கு எண்டு சொல்லி." ஒரு சின்னச் சட்டையை நான்காக மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தார். "நீ ஏன் வாயைத் திறந்தனி? படிச்சனிதானே. ஆரிட்ட எதைச் சொல்லுறது எண்டு தெரியாதே?"

எனக்கு அந்த நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிள்ளை பிறந்த முதல் ஞாயிறு இதை அவர் எனக்குச் சொல்லியிருந்தால், ஒஷாவாவில் அவருடைய சோபாவில் இருந்து அழுதிருப்பேன். கிளினிக்கில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் என் பிள்ளையை ஏழு கிழமை நெஞ்சில் போட்டு வளர்த்தவரிடம் என்னவென்று கோபிப்பது? உடுப்புப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பால் கொடுக்கப் பார்த்தேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. போத்தல்தான் வேண்டும் என்று அழுதது. பத்து நாள் முயற்சித்தேன். பிறகு பம்பைக் கழுவிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். என் வருத்தத்துக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நான் பிள்ளைக்கு ஆபத்தா இல்லையா என்று பார்ப்பதில் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். இல்லை என்று முடிவானதும் பைலை மூடினார்கள். அதற்குள் இருந்த வருத்தத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது மூன்று வருடம் என்னோடு இருந்தது. அந்த மூன்று வருடமும் நான் எல்லாருக்கும் "ஐ ஆம் குட், தாங்க் யூ" என்றேன். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றேன். கணவர் ஒருதரம் கேட்டார், இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பைலில் இருப்பதை அழிக்கச் சொல்லி எழுதினேன். பழைய குறிப்பை மாற்ற முடியாது, ஆனால் என் விளக்கத்தை அதோடு இணைக்கலாம் என்று பதில் வந்தது. மகளுக்கு ஆறு வயதில் விளையாட்டுத் திடலில் விழுந்து கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் கணினியைப் பார்த்துவிட்டு என்னை வெளியே நிற்கச் சொன்னாள். மகளிடம் தனியாகக் கேட்டாள், எப்படி விழுந்தாய் என்று. என் விளக்கம் இணைத்திருந்த பக்கம் வரை அவள் போகவில்லைப் போலும்.

போன வருடம் ஒரு சுகாதார நிலையத்திலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். பிற நாடுகளிலிருந்து வந்த பெண்களுக்கு அவர்களுடைய கலாசாரத்துக்கேற்ற மனநலச் சேவை தொடங்குகிறார்களாம். திறப்பு நாளில் என் கதையைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்த ஒழுங்கமைப்பாளர், இங்கே பிறந்த தமிழ்ப் பெண், மிகவும் அன்பானவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அன்ரி, இது ரொம்ப பவர்ஃபுல். பட் கடைசியில கொஞ்சம் ஹோப்ஃபுல்லா முடிக்கலாமா?"

முடித்தேன். அந்த நேர்ஸோடு முடித்தேன். ட்ரொப் என்ற சொல்லை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொன்னபோது மண்டபத்தில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்சுவரில் எல்லா நிறத்துப் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து சிரிக்கும் பெரிய படம் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் தமிழ்ப் பெண்களுக்கான வட்டம் ஒன்று தொடங்கினார்கள். நான் போகிறேன். எட்டு ஒன்பது பேர் வருவோம். மூச்சுப் பயிற்சி செய்வோம். பிறகு அந்த ஒழுங்கமைப்பாளர் பிள்ளை, "யாராவது ஷெயார் பண்ண விரும்புறீங்களா?" என்று கேட்பாள். முழங்கால் நோவைச் சொல்வார்கள், சீனி வருத்தத்தைச் சொல்வார்கள், மருமகளைச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒருவரும் போவதில்லை. தமிழ்ப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை, அது எங்கள் கலாசாரம் என்று அவள் குறிப்பு எழுதுகிறாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை. அந்த அறையில் என்ன சொன்னால் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

இந்த வருடம் தையில் ஒரு இளம் பெண் புதிதாக வந்தாள். மன்னாரிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். மூன்று மாதப் பிள்ளை நெஞ்சுத் துணிக்குள் நித்திரையாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் முறை வந்தபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினாள்.

"எனக்குச் சிலநேரம் இவனைப் பாக்கேக்க..."

நான் அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்தேன். அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒழுங்கமைப்பாளர் பிள்ளையும் என்னைப் பார்த்தாள்.

"இவ களைச்சுப்போய் இருக்கிறா," என்றேன். "வேற ஆரும் கதையுங்கோ."

வெளியே பஸ் தரிப்பிடத்தில் வைத்து அவளிடம் சொன்னேன், இதையெல்லாம் அங்கே சொல்லவேண்டாம் என்று. அவள் ஏன் என்று கேட்கவில்லை. "ஓம் அக்கா," என்றாள். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் அவளுடைய வீட்டுக்குப் போகிறேன். மீன் சரக்குக்கறி வைத்துக் கொடுக்கிறேன், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துவிடுகிறேன், அவள் படுக்கும்போது பிள்ளையை வைத்திருக்கிறேன். கொஞ்சம் முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் என் கறியால் தீருகிற விசயம் இல்லை அது என்று எனக்குத் தெரியும். அதனால் அவளை டொக்டரிடமும் கூட்டிப்போனேன். போவதற்கு முன், எலிவேட்டருக்குக் காத்திருக்கும்போது, என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கினேன்.

"நித்திரை இல்லை எண்டு சொல்லும். பசி இல்லை எண்டு சொல்லும். அழுகை வருது எண்டு சொல்லும். அதோட நிப்பாட்டும்."

அவள் அதோடு நிறுத்தினாள். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். டொக்டர் நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார், ஆறு கிழமையால் திரும்ப வரச் சொன்னார். பிள்ளையை யாரும் பிடுங்கவில்லை. நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அன்று அந்த அறையில் அவள் சொல்ல வந்த மிச்சம் என்ன என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்னால் அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவது? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நித்திரை கொள்வதைப் பார்த்தபடி இருக்கிறேன். மச்சாள் சொன்னதை நினைத்து, குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் எழும்பிப் போய்த் திறந்து வைக்கிறேன்.